கயிறு பிடித்த கை

1

விடியுமுன் திரேஸ்புரம் கரையில் போய் உட்கார்ந்தேன். சங்கு குளிக்கப் போகிறவர்கள் வள்ளத்தில் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கம்ப்ரசர்தான் காற்றைக் கொடுக்கிறது. ஒருவர் மட்டும் குழாயை விரலால் நீவிக்கொண்டே வந்தார். எங்காவது வெடிப்பு இருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். அவர் இன்று கடலுக்குள் இறங்கப் போகிறவர் இல்லை. மேலே வள்ளத்தில் இருந்து குழாயைக் கவனிக்கப் போகிறவர்.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அப்போது கம்ப்ரசர் கிடையாது. குளிகல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிட வேண்டும். அவர் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பினால் கீழே ஓர் உயிர் போய்விடும். அதனால் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பியிடம் கொடுப்பது வழக்கம் என்பார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? ‘மலையேறினாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்ற பழமொழிக்குத் தேனெடுக்கிறவர்கள், மலையில் இறங்கும் கயிற்றை மச்சானிடம் கொடுப்பதாக ஒரு கதை சொல்வார்கள். எங்கள் கரையில் அதே கதை கடலுக்குள் இறங்குகிறது.

மூச்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குவது. அதைத்தான் இன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

2009ஆம் ஆண்டு, பிப்ரவரி. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எலும்பு முறிவு வார்டு. காலில் பட்டையான துணியைச் சுற்றி ஒட்டி, அதிலிருந்து ஒரு கயிறு கட்டிலின் கால்மாட்டுக்கு ஓடும். அங்கே ஒரு கப்பி. கப்பிக்குக் கீழே எடை தொங்கும். அந்த எடை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால்தான் எலும்பு இடம் மாறாமல் இருக்கும், வலியும் அடங்கும். ‘எடை தரையில இடிக்கக்கூடாது, ஆடவும் கூடாது, பாத்துக்கோங்க’ என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த எடையைப் பார்ப்பதே என் வேலையானது. இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பேன். கண்ணைத் திறந்தால் தலைக்கு நேரே அது தொங்கும். கல் கட்டிக் கடலுக்குள் இறங்கியவளைப் போல அம்மா மேலே அசையாமல் கிடப்பாள். கயிறு இருக்கிறது, கல் இருக்கிறது. இழுக்க வேண்டிய கை யாருடையது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. காலையில் வருகிற டாக்டர் பெயரும் தெரியாது. ஆனாலும் தூங்கினாள். பெயர் தெரியாத ஒரு கையை நம்பித் தூங்கினாள்.

மருத்துவமனை என்பதே அந்தத் தூக்கம்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

3

வார்டுக்கு வெளியே டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. இலங்கையின் வன்னிப் போர்ச் செய்திகள். புதுக்குடியிருப்பு மருத்துவமனையின் பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் நிறைந்திருந்த மருத்துவமனை அது. பிப்ரவரி 1ஆம் தேதி அதன்மேல் எறிகணைகள் விழுந்தன. குறைந்தது 9 பேர் இறந்தார்கள் என்றது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு. அதோடு நிற்கவில்லை, மறுபடியும் மறுபடியும் விழுந்தன. 4ஆம் தேதி, தூக்க முடிந்தவர்களைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையே புதுமாத்தளனுக்கு நடந்தது. கடற்கரையோரம் கிடைத்த கட்டடத்தில் மருத்துவமனை வைத்தார்கள். இடம் போதாமல் மரத்தடியிலும் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். சலைன் பாட்டிலைக் கிளையில் கட்டினார்கள். மயக்க மருந்து தீர்ந்த நாட்களிலும் கை கால்களை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது.

டீயை வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். அம்மாவின் கயிற்றைப் பார்த்தேன். இப்போது இந்தக் கூரைமேல் ஏதாவது விழுந்தால் முதலில் எதை அவிழ்ப்பேன்? கயிற்றையா, துணிப்பட்டையையா, கையில் ஏறும் ஊசியையா? எடையை எடுத்துவிட்டு அவளைத் தூக்கினால் முறிந்த எலும்பு என்ன ஆகும்? தூக்காமல் விட்டால்?

எழுபது கட்டில்கள் இருந்த வார்டு. எழுபது கயிறுகளையும் கண்ணால் எண்ணினேன்.

4

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். மரத்திலிருந்து விழுந்து தொடையில் முறிவு, இடுப்புவரை மாவுக்கட்டு. அவனோடு இருந்த அவன் அம்மா அகதி முகாமிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

டி.வி. செய்தியை நான் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகனின் நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்:

“சத்தம் கேட்டா நாங்கள் பங்கருக்குள்ள ஓடிருவம், தம்பி. கட்டிலில கிடக்கிறவை என்ன செய்யிறது?”

சத்தங்களுக்கு அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். குண்டு போடும் விமானம் பொதுவாகப் பொம்மர். கத்தியால் வானத்தைக் கிழிப்பதுபோல் வருவது கிபிர். மெல்ல உருண்டு வரும் பெரிய விமானம் சகடை. இருட்டிலும் காதால் இனம் காணும்படி பிள்ளைகள் பழகியிருந்தார்களாம். எங்கள் பிள்ளைகளுக்கு வாடைக்காற்றும் கச்சான் காற்றும் தெரிவதுபோல அவர்கள் பிள்ளைகளுக்கு விமானங்கள் தெரிந்தன. ஒரு மொழியில் புதுச் சொற்கள் சேர்வதைக் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். இந்தச் சொற்களைக் கேட்டபோது நெஞ்சு கனத்தது.

நவாலியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். 1995 ஜூலை 9. ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயரிட்ட படை நடவடிக்கைக்கு அஞ்சி, ஊர்களை விட்டு ஓடிவந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் தங்கியிருந்தது. வழிபாட்டிடங்களில் தஞ்சம் புகும்படி அரசுத் தரப்பே சொல்லியிருந்தது. அன்று மாலை விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீற்றரை எங்கள் ஊரில் இராயப்பர் என்போம். வலை வீசிப் பிழைத்தவர். அவர் பெயர் தாங்கிய கூரைக்குக் கீழே எங்களைப் போன்ற சனங்கள், குடும்பம் குடும்பமாக.

காயப்பட்டவர்களை எல்லாம் மருத்துவமனைக்குத்தானே கொண்டுபோனார்கள். குண்டு விழுந்த இடத்திலிருந்து எல்லோரும் போகும் திசை அது ஒன்றுதான். அங்கேயும் குண்டு விழுந்தால், அடிபட்டவருக்கு உலகத்தில் போவதற்குத் திசையே இல்லாமல் போகிறது.

5

கொழும்பு எங்களுக்கு ஓரிரவுக் கப்பல் தூரம். வ.உ.சி. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டது இந்த வழியில்தான். தோணிகள் பருவம் பார்த்துப் போய்வந்த வழியும் இதுதான். எங்கள் ஊரில் கொழும்பில் கடை வைத்த தாத்தா இல்லாத தெருவைக் காண்பது அரிது.

அந்தக் கொழும்புமேல் 1942 ஏப்ரல் 5ஆம் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. உயிர்த்த ஞாயிறு. கோயில்களில் பூசை நடக்கும் நேரம். துறைமுகத்தையும் இரத்மலானை விமானத்தளத்தையும் தேடி வந்தவை. ஆனால் அங்கொடை மனநல மருத்துவமனைமேலும் குண்டுகள் விழுந்தன.

இந்த ஒரு வரியை எங்கோ படித்ததிலிருந்து என்னால் கடக்க முடியவில்லை. சத்தம் என்ன சத்தம் என்று விளங்கிக்கொள்ள முடியாதவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். நாடுகள் சண்டையிடுவதே தெரியாதவர்களும் இருந்திருப்பார்கள். பூட்டிய அறைக்குள் இருந்தவர் எத்தனை பேர்? ஜப்பானுக்கு அவர்கள்மேல் பகை இல்லை. குண்டுக்கு அது தெரியாது.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் தேதி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை அதே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீதிப்பேர் கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் வந்தது. வெள்ளைக் கப்பல், உடம்பில் செஞ்சிலுவை. அதை ஜப்பானிய விமானங்கள் தொடவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அது நீரிலிருந்து தூக்கியது.

ஒரே வாரம், ஒரே படை. ஓரிடத்தில் மருத்துவமனைமேல் குண்டு, ஓரிடத்தில் மருத்துவமனைக்கு வழி. விமானத்தில் இருந்தவன் சிலுவையைப் பார்த்தான், பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். போரின் நடுவிலும் அது ஆகக்கூடிய காரியம். ஐந்நூறு பேரின் பிற்கால வாழ்வு அதற்குச் சாட்சி. முடியாது, போரென்றால் அப்படித்தான் என்று யாராவது சொல்லும்போது அந்த வெள்ளைக் கப்பலை நினைத்துக்கொள்கிறேன்.

6

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் உள்ள மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

1987 அக்டோபர் 21. தீபாவளி. தூத்துக்குடியில் நாங்கள் வெடி வெடித்துக்கொண்டிருந்த நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அன்று நுழைந்தது நம் நாட்டுப் படை, அமைதி காக்க என்று போன படை. மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மறுநாள், ஒளிந்திருந்த தாதியரை அழைத்துக்கொண்டு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை மருத்துவர் ஒருவரும் சுடப்பட்டு இறந்தார். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள் என்பது படைத்தரப்பின் விளக்கம். அவர்கள் அங்கே வந்து சுட்டதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அது ஒரு பெருங்குற்றம். ஆனால் கட்டிலில் படுத்திருந்தவர் துப்பாக்கி பிடித்திருக்கவில்லை. கை உயர்த்தி வந்தவர் கையில் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று எனக்கு வயது பதினாறு. எத்தனை சரவெடி வெடித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த நாட்டு விமானத்தைக் கண்டிப்பது எளிது. நம் கொடி பறந்த இடத்தில் நடந்ததைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. தாழ்ந்த குரலிலாவது சொல்லத்தான் வேண்டும்.

7

சட்டம் இல்லாமல் இல்லை. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 18, 19ஆம் பிரிவுகள்: காயப்பட்டோர், நோயாளிகள், கர்ப்பிணிகளைப் பராமரிக்கும் பொதுமக்கள் மருத்துவமனைகளை எந்நிலையிலும் தாக்கக்கூடாது. எதிரி அதை மறைவிடமாக்கித் தாக்கினாலும், முன்னெச்சரிக்கை தந்து அவகாசம் கொடுத்த பிறகே அந்தப் பாதுகாப்பு நீங்கும். 2016 மே 3ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை 2286ஆம் தீர்மானத்தில் இதைத் திரும்பவும் வலியுறுத்தியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் சிரியாவின் அலெப்போவில் அல் குத்ஸ் மருத்துவமனை வான்தாக்குதலில் சிதைந்திருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்திருந்தார்கள். தீர்மானத்துக்குப் பிறகும் மரியுபோல் மகப்பேறு மருத்துவமனை, கீவ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை, காசாவின் மருத்துவமனைகள்.

வன்னியைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் அறிக்கை தந்தது. முன்னணியில் இருந்த மருத்துவமனைகளின் இடம் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் அவை தாக்கப்பட்டன, சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன என்றது. மக்களைப் புலிகள் வெளியேற விடாமல் வைத்திருந்ததையும், மக்கள் செறிந்த இடங்களுக்கு அருகிலிருந்து சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கட்டில்கள் இருந்தன.

ஒரு செய்தி மட்டும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மருத்துவமனையின் இடக்குறிப்பைப் படைத்தரப்புக்குத் தெரிவிப்பது செஞ்சிலுவைக் குழுவின் வழக்கம், அங்கே அடிக்கக்கூடாது என்பதற்காக. கடைசி நாட்களில், எங்கள் இடத்தைத் தெரிவிக்க வேண்டாம் என்று மருத்துவர்களே கேட்டுக்கொண்டதாக அங்கே உதவி செய்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். காப்பாற்ற வைத்த அடையாளத்தைக் கண்டு காயம்பட்டவர்கள் பயந்திருக்கிறார்கள்.

மேலே கயிறு பிடித்திருப்பவரைக் கண்டே கீழே இருப்பவர் பயந்தால், பிறகு யார் கடலுக்குள் இறங்குவார்?

8

ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்கள் பனிமய மாதா திருவிழா. ஊரே பேராலயத்தின் முன்னால் நிற்கும். பெரிய மணி அடிக்கும்போது கடைத்தெருவில் பேச்சு நின்றுவிடும். மறுநாள் 6ஆம் தேதி ஹிரோஷிமா நாள். 9ஆம் தேதி நாகசாகி. திருவிழாத் தோரணம் அவிழ்க்குமுன் அந்த நாட்கள் வந்துவிடுகின்றன.

இந்த முத்துக்கரையில் 1542இல் வந்து இறங்கிய சவேரியார்தான் 1549இல் ஜப்பானுக்கும் போனார். அவர் தொடங்கியது பின்வந்தவர்களால் நாகசாகிப் பக்கம் வேரூன்றியது. தடையும் கொலையும் வந்தபோது தலைமுறை தலைமுறையாக ஒளித்து வைத்துக் காத்த விசுவாசம் அது. அப்படிக் காத்தவர்கள் வெளியே வந்து கட்டிய உரக்காமி பேராலயத்துக்கு அருகேதான் 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02க்கு அணுகுண்டு வெடித்தது. அருகிலேயே மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். மாணவர்களும் ஆசிரியர்களும் நோயாளிகளும் மாண்டார்கள். தக்காஷி நகாய் என்ற எக்ஸ்ரே மருத்துவர் தலையில் வெட்டுக்காயத்தோடு எழுந்து மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டார். சில நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது மனைவியின் எலும்புகளை அள்ளினார், பக்கத்தில் உருகிய செபமாலை கிடந்தது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்த பேராலய மணி ஒன்றை மரக்கால்களில் கட்டி அடித்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 5ஆம் தேதியும் எங்கள் மணி அடித்து ஓய்ந்த பிறகு, இன்னொரு கரையின் மணிக்காக ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். முத்துக்குளிப்பவர் ஒருவர் மூச்சடக்கும் நேரம்.

9

2009 பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைக் குழு கப்பல் கொண்டுவந்தது. கிரீன் ஓஷன் என்று பெயர். கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழத்தில் நின்றது. புதுமாத்தளன் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் காயப்பட்டவர்களை ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தார்கள். அங்கிருந்து திருகோணமலைக்கு. மே 9 வரை, நோயாளிகளும் கூடப் போனவர்களுமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கடல்வழியாக வெளியேறினார்கள். மே 12ஆம் தேதி முள்ளிவாய்க்காலுக்கு நகர்ந்திருந்த மருத்துவமனைமேல் மீண்டும் எறிகணை விழுந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தப் படகுகளை நினைக்கிறேன். மீன் அள்ளிய படகு. அலை அடிக்கும்போது படகைக் கப்பலோடு ஒட்டிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எங்கள் கரைக்காரர்களுக்குத் தெரியும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். படகு தாழும், எழும். எழுகிற கணம் பார்த்துக் காயப்பட்டவரை மேலே கொடுக்க வேண்டும். மேலே நீளும் கை யாருடையது என்று இவருக்குத் தெரியாது. வருகிறவர் யார் மகன், எந்தக் கட்சி என்று அந்தக் கைக்கும் தெரியாது.

அதற்குமேல் ஓர் அறம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருப்பது அந்த ஒரு கை. அதை வெட்டாமல் விட்டால் போதும்.

10

அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த வாரம். நள்ளிரவு இருக்கும். வார்டில் ஒரு விளக்கு மட்டும். கடல் பக்கமிருந்து ஒரு விமானம் தாழ்வாக வந்தது. கடலோரக் காவல்படை ரோந்தாக இருக்கலாம். எனக்கு அது வெறும் சத்தம், புரண்டு படுக்கப் போனேன்.

அக்கா எழுந்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே போகவில்லை, வெளியே ஓடவில்லை. ஜன்னலுக்கும் மகனுக்கும் நடுவில் போய் நின்றார். பிறகு மெல்லக் குனிந்து, மாவுக்கட்டில் தன் பாரம் படாமல், முழங்கையைக் கட்டிலில் ஊன்றி அவன்மேல் கூரைபோலக் கவிந்தார். பையன் தூங்கிக்கொண்டே இருந்தான். சத்தம் தலைக்கு மேலே வந்தது, கடந்தது, தேய்ந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அவசரமாக எழுந்ததில் என் தோள் அம்மாவின் எடையில் இடித்துவிட்டது. அது இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. அம்மா தூக்கத்தில் முனகினாள்.

அக்கா நிமிர்ந்தார். இரண்டு எட்டில் வந்து, ஆடும் எடையை உள்ளங்கையில் ஏந்தி நிறுத்தினார். கயிறு நேராகும்வரை கையை எடுக்கவில்லை.

“ஆடக்கூடாது, தம்பி” என்றார். “அம்மாக்கு நோகும்.”